சாவடித் தலைவரின் பேரரசு

கி.மு. 196-ஆம் ஆண்டில், யாங்சி ஆற்றின் நடுப்பகுதியில் இருந்த யிடாவ் என்ற வட்டத்தின் அதிகாரிகள் தங்களால் தீர்க்க முடியாத ஒரு வழக்கை மேலிடத்துக்கு அனுப்பினார்கள். வூயோ என்பவன் மலைக்குடியைச் சேர்ந்தவன். கவலையில்லாதவன் என்பது அந்தப் பெயரின் பொருள். காவற்படைக்கு ஆள் எடுத்தபோது அவன் பெயரும் பட்டியலில் ஏறியது. ஆணையைக் கையில் வாங்கிக்கொண்டு புறப்பட்டவன் படைமுகாமுக்குப் போய்ச் சேராமல் வழியிலேயே ஓடிவிட்டான். பிடிபட்டபோது, தங்கள் குடியினர் ஊழியத்துக்கும் வரிக்கும் ஈடாக ஆண்டுக்கு 56 காசு கட்டுவதால் தங்களைப் படைக்கு எடுக்க முடியாது என்று வாதிட்டான். அந்தக் குடியினரை எடுக்கக்கூடாது என்று சட்டத்தில் இல்லை என்றார்கள் விசாரித்தவர்கள். எடுத்ததே தவறென்று வைத்துக்கொண்டாலும், எடுத்த பிறகு அவன் படைவீரன். படைவீரன் ஓடினால் குற்றம். உள்ளூரில் இருந்த தயக்கம் தலைநகரிலிருந்து வந்த விடையில் இல்லை. இடுப்போடு இரண்டாக வெட்ட வேண்டும் என்பது தீர்ப்பு. அப்போது அரியணையில் இருந்தவர் ஹான் வம்சத்தைத் தொடங்கிய லியூ பாங். ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அவரே அரசின் கட்டளையை மீறி ஓடியவர். சின் பேரரசின் முதல் பேரரசருக்குக் கல்லறை கட்ட லீ மலைக்குக் கைதிகளை அழைத்துச் சென்றார். வழியில் பலர் தப்பிவிடவே, எஞ்சியவர்களையும் அவிழ்த்து விட்டுவிட்டு மலைக்காட்டில் ஒளிந்துகொண்டார்.

இதை அதிகாரம் கைக்கு வந்ததும் மாறிப்போன ஒரு மனிதரின் கதையாகப் படிக்கலாம். ஆனால் ஆதாரங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. கொடுங்கோல் சின் அரசை ஒழித்து அருளாட்சியை நிறுவியவர் என்று சீன மரபு லியூ பாங்கைப் போற்றுகிறது. சின் வம்சத்தை அவர் ஒழித்தார், உண்மைதான். சின் அரசு இயந்திரத்தை அவர் ஒழிக்கவில்லை. அதன் ஏடுகள், கணக்குகள், சட்டங்கள், நாட்காட்டி, பயிற்சி பெற்ற எழுத்தர்கள் ஆகிய எல்லாவற்றையும் ஏறக்குறைய முழுமையாக எடுத்துக்கொண்டார். அவர் வென்றதற்கும், அவர் தொடங்கிய வம்சம் நானூறு ஆண்டுகள் நின்றதற்கும் அதுவே அடிப்படை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். அவர் சொந்தமாகச் சேர்த்தது ஒன்று உண்டு. அந்த இயந்திரத்தை எந்த மண்ணில் ஓட்டலாம், எந்த மண்ணில் ஓட்டக்கூடாது என்ற தெளிவு அது.

மரபுக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். லியூ பாங்கின் அவையிலேயே லூ ஜியா என்ற அறிஞர், குதிரைமேல் இருந்து நாட்டைப் பிடிக்கலாம், குதிரைமேல் இருந்து ஆள முடியாது என்ற பொருளில் அரசரிடம் வாதிட்டு, சின் ஏன் அழிந்தது என்பதை விளக்கிப் பன்னிரண்டு பகுதிகள் கொண்ட நூலை எழுதினார். அடுத்த தலைமுறையில் ஜியா யி அதே கேள்விக்கு அறநெறியைக் காட்டி விடை சொன்னார். ஏறக்குறைய நூறாண்டு கழித்து வரலாற்றை எழுதிய சிமா சியென் இந்தச் சிந்தனைக்கு நடுவில் வளர்ந்தவர். ஹான் அவையில் பணியாற்றிய மூவருக்கும் தங்கள் வம்சம் ஏன் எழுந்தது என்பதற்கு ஒரு நியாயம் தேவைப்பட்டது. கி.மு. 209-இல் முதல் கலகத்தை மூட்டிய சென் ஷெங் கதையை எடுத்துக்கொள்வோம். எல்லைக் காவலுக்குச் சென்ற 900 பேர் மழையால் வழியில் சிக்கினார்கள், தாமதத்துக்குத் தண்டனை மரணம் என்பதால் கிளர்ந்தெழுந்தார்கள் என்கிறது வரலாற்று நூல். 1975-இல் ஹூபெய் மாநிலத்தின் யுன்மெங்கில், ஷுய்ஹூடி என்ற இடத்தில், கி.மு. 217-இல் இறந்த ஒரு சின் எழுத்தரின் கல்லறையிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூங்கில் ஏடுகள் கிடைத்தன. அவற்றில் உள்ள விதிப்படி, ஊழியத்துக்கு 3 முதல் 5 நாள் தாமதமானால் கண்டிப்பு. 6 முதல் 10 நாள் என்றால் ஒரு கேடயம் அபராதம். அதற்கு மேல் போனால் ஒரு கவசம். மழை வந்தால் அந்த ஊழியமே ரத்து. அது கட்டுமான ஊழியத்துக்கான விதி, எல்லைக் காவலுக்கானது அல்ல என்று மறுக்கலாம். அந்த மறுப்பு நியாயமானது, சென் ஷெங்கின் கதை பொய் என்று இதைக் கொண்டு சொல்ல முடியாது. ஆனால் சின் சட்டம் நாள்களை எண்ணி, தரம் பிரித்து, மழையைக்கூடக் கணக்கில் எடுத்த சட்டம் என்பது உறுதியாகிறது. கண்மூடித்தனமான கொடுமை என்று ஒரே சொல்லில் அதை அடக்க முடியாது.

லியூ பாங் இந்தச் சட்டத்துக்கு அந்நியர் அல்லர். பெய் வட்டத்தில் உழவர் குடும்பத்தில் பிறந்த அவர், சின் அரசின் கீழ் ஒரு சாவடியின் தலைவராக இருந்தார். வழிப்போக்கரைக் கவனிப்பது, திருடரைப் பிடிப்பது, அரசுச் செய்திகளை அடுத்த இடத்துக்குக் கடத்துவது, ஊழியத்துக்கு ஆட்களை அழைத்துச் செல்வது எல்லாம் அந்தப் பதவியோடு வந்த வேலைகள். படிக்கட்டின் கடைசிப் படிதான், ஆனாலும் படிக்கட்டைச் சேர்ந்தது. கலகம் மூண்டபோது அவரைச் சுற்றி நின்றவர்களும் அப்படிப்பட்டவர்களே. ஷியாவ் ஹே பெய் வட்ட அலுவலகத்தின் தலைமை எழுத்தர். அவருடைய திறமையைக் கண்ட சின் மேற்பார்வையாளர் தலைநகருக்கு உயர்த்திவிட நினைத்தபோது வேண்டாமென்று மறுத்தவர். ட்ஸாவ் ஷென் அதே வட்டத்தில் சிறை எழுத்தர். ஷியாஹோ யிங் அங்கே குதிரை வண்டி ஓட்டியவர். லியூ பாங் ஒருமுறை தலைநகர் ஊழியத்துக்குப் புறப்பட்டபோது மற்ற எழுத்தர்கள் கொடுத்ததைவிட ஷியாவ் ஹே இரண்டு காசு அதிகம் கொடுத்தாராம். பேரரசரான பின் அந்த இரண்டு காசுக்காகவே அவருக்கு 2,000 குடும்பங்களின் வருவாயைக் கூட்டிக் கொடுத்தார் லியூ பாங். இந்தச் சிறு செய்தியில் ஒரு வட்ட அலுவலகத்தின் வாசனை இருக்கிறது. ஹான் பேரரசின் முதல் அமைச்சரவை, வெளிப்படையாகச் சொன்னால், சின் அரசின் ஒரு தாலுகா கச்சேரி.

கி.மு. 206-இல் லியூ பாங்கின் படை சின் தலைநகரான ஷியான்யாங்கில் நுழைந்தது. தளபதிகள் பொன்னும் பட்டும் இருந்த கிடங்குகளுக்கு ஓடினார்கள். ஷியாவ் ஹே மட்டும் அமைச்சரகத்துக்குப் போய்ச் சட்ட ஏடுகளையும் வரைபடங்களையும் பதிவேடுகளையும் எடுத்து வைத்துக்கொண்டார். சில வாரங்களில் எதிர்ப்படையின் பெருந்தலைவரான ஷியாங் யூ வந்தார். சரணடைந்த சின் அரசரைக் கொன்றார், அரண்மனைகளுக்குத் தீ வைத்தார். தீ மூன்று மாதம் அணையவில்லை என்கிறார் சிமா சியென். இந்த இரண்டு செயல்களுக்கும் இடையிலேயே அடுத்த நான்காண்டுப் போரின் முடிவு இருந்தது என்று நினைக்கிறேன். நாட்டின் கணவாய்கள் எவை, எந்த ஊரில் எத்தனை குடும்பம், எங்கே தானியம் விளையும், எங்கே ஆள் கிடைப்பார்கள் என்பதெல்லாம் அந்த ஏடுகளில் இருந்தன. லியூ பாங்குக்கு அவை தெரிந்திருந்ததற்குக் காரணம் ஷியாவ் ஹே காத்த ஏடுகளே என்று சிமா சியெனும் எழுதுகிறார். ஷியாங் யூவிடம் வீரம் இருந்தது, வெற்றி இருந்தது, ஆனால் தான் பிடித்த நாட்டைப் பற்றிய கணக்கு இல்லை. பதினெட்டு அரசர்களுக்கு நாட்டைப் பிரித்துக் கொடுத்துவிட்டுக் கிழக்கே திரும்பினார்.

இங்கே வலுவான ஒரு மறுப்பு எழும். சின் தலைநகருக்கு அருகே லியூ பாங் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி, சின் சட்டங்கள் எல்லாம் நீக்கப்பட்டன, மூன்றே விதிகள் போதும் என்று அறிவித்தார். கொலைக்கு மரணம், காயப்படுத்தினாலும் திருடினாலும் அதற்கேற்ற தண்டனை. இது சின் முறையை உடைத்தது ஆகாதா? அறிவிப்பின் இடத்தையும் காலத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். அது வென்ற ஊரில் மக்களை அமைதிப்படுத்தச் சொன்ன வாக்கு. அந்த ஊரோ சில வாரங்களிலேயே ஷியாங் யூ கைக்குப் போனது. பின்னர் எழுந்த ஹான் வரலாற்று நூலின் சட்டப் பகுதியே, மூன்று விதிகள் போதாமையால் ஷியாவ் ஹே சின் சட்டங்களிலிருந்து பொருத்தமானவற்றை எடுத்து ஒன்பது பகுதிகள் கொண்ட சட்டத் தொகுப்பை உருவாக்கினார் என்று சொல்கிறது. மண்ணிலிருந்து கிடைத்த சான்று இன்னும் கூர்மையானது. 1983-ஆம் ஆண்டு இறுதியில் ஹூபெயின் ஜாங்ஜியாஷானில் திறக்கப்பட்ட 247-ஆம் எண் கல்லறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூங்கில் ஏடுகள் இருந்தன. அவற்றில் கி.மு. 186-ஐச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஹான் சட்டத் தொகுப்பு ஒன்று. அதன் சொற்களும் குற்றப் பெயர்களும் தண்டனைப் படிகளும் ஷுய்ஹூடி ஏடுகளோடு அண்ணன் தம்பி போல ஒத்துப்போகின்றன. கி.மு. 186 லியூ பாங் இறந்து ஒன்பது ஆண்டுக்குப் பிந்தியது, அதைக் கொண்டு அவர் ஆட்சியை எப்படி எடைபோடுவது என்று கேட்கலாம். அதே கல்லறையில் கிடைத்த வழக்குத் தொகுப்பு அதற்கு விடை தருகிறது. வூயோவின் வழக்கு அதில் உள்ளது. லியூ பாங்கின் ஆட்சிக் காலத்தின் வேறு வழக்குகளும் உள்ளன.

அவற்றில் மெய் என்ற நாற்பது வயதுப் பெண்ணின் வழக்கு என்னை நெடுநேரம் நிறுத்தியது. அவள் ஒரு வீட்டில் அடிமையாக இருந்தவள். சின் வீழ்ந்து ஷியாங் யூவின் ஆட்சி நடந்த குழப்பத்தில் தப்பி ஓடினாள். ஹான் ஆட்சி வந்தபின் எந்தப் பதிவேட்டிலும் பெயர் ஏறாமல் வாழ்ந்தாள். பழைய உடைமையாளர் அவளைக் கண்டுபிடித்து, மீண்டும் அடிமையாகப் பதிந்து, 16,000 காசுக்கு வேறொருவரிடம் விற்றார். அவள் அங்கிருந்தும் ஓடினாள். தான் இப்போது அடிமை அல்ல என்பதே அவளுடைய வாதம். கி.மு. 202-இல் அரியணை ஏறியதும், பசியால் தங்களை விற்றுக்கொண்டு அடிமையானவர்களை விடுவிக்கும் ஆணையை லியூ பாங் பிறப்பித்திருந்தார். காடு மலைகளில் ஒளிந்தவர்கள் ஊர் திரும்பினால் பழைய பட்டமும் நிலமும் வீடும் கிடைக்கும் என்றும் அறிவித்திருந்தார். அந்த அருள் உண்மையானதுதான். ஆனால் பதிவேட்டுக்கு வெளியே இருந்தவளுக்கு அது எட்டவில்லை. அவளுக்கு முகத்தில் பச்சை குத்தி வாங்கியவரிடமே ஒப்படைக்கலாம் என்று ஒரு கருத்து, விடுதலை பெற்ற குடியாகக் கருதலாம் என்று இன்னொரு கருத்து, இரண்டையும் எழுதினார்கள் அதிகாரிகள். போருக்குப் பிறகு வந்த அரசு, ஒரு பெண் யார் என்பதை அவள் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்தது. சின் அரசு செய்ததும் அதையே.

போரிலும் அந்த ஏடுகளே கைகொடுத்தன. மேற்கே தள்ளப்பட்டு, ஹான் அரசர் என்ற பட்டத்தோடு மலைகளுக்கு அப்பால் அனுப்பப்பட்ட லியூ பாங், அதே ஆண்டில் திரும்பி வந்து சின்னின் பழைய நாடான குவான்ஜோங் சமவெளியைப் பிடித்தார். கி.மு. 205-இல் பெங்செங்கில் அவருடைய பெரும்படையை ஷியாங் யூ 30,000 பேரோடு வந்து நொறுக்கினார். தப்பி ஓடும் வழியில் வண்டி வேகமாகப் போக வேண்டுமென்று தம் சொந்தப் பிள்ளைகளையே லியூ பாங் கீழே தள்ள, ஷியாஹோ யிங் அவர்களைத் தூக்கி ஏற்றினாராம். அத்தனை பெரிய தோல்விக்குப் பிறகும் அவர் எழுந்தார், ஏனெனில் குவான்ஜோங்கில் இருந்த ஷியாவ் ஹே, படைப் பதிவுக்கு வயது வராத இளைஞரையும் வயது கடந்த முதியவரையும்கூடத் திரட்டி அனுப்பினார். பதிவுக்கு வெளியே இருப்பவர் யார் என்று தெரிய வேண்டுமானால் பதிவு ஒழுங்காக நடந்திருக்க வேண்டும். அதே ஆண்டில் அங்கே கொடிய பஞ்சம் வந்தது, மக்கள் பெருந்தொகையில் மடிந்தார்கள். அப்போதும் தானியமும் ஆளும் போர்முனைக்குப் போய்க்கொண்டே இருந்தன. இந்தப் போரின் விலையைக் கொடுத்தவர்கள் அந்தச் சமவெளியின் குடியானவர்கள் என்பதை மறக்கக்கூடாது. தளபதி குவான் யிங்கின் கீழ் அமைந்த குதிரைப்படையிலும் சின்னின் பழைய குதிரை வீரர்களே துணைத் தலைவர்களாக இருந்தார்கள். கி.மு. 202-இல் காய்ஷியாவில் தோற்றுத் தப்பிய ஷியாங் யூவை 5,000 குதிரைகளோடு துரத்திச் சென்றது குவான் யிங் படை.

வெற்றிக்குப் பின் பரிசுகளை வழங்கும்போது லியூ பாங் முதலிடத்தை ஷியாவ் ஹேவுக்குக் கொடுத்தார். உடம்பெல்லாம் தழும்போடு நின்ற தளபதிகள் கொதித்தார்கள். வேட்டையில் முயலைத் துரத்திப் பிடிப்பது நாய், அதற்கு வழி காட்டுவது மனிதன் என்று உவமை சொல்லி அவர்கள் வாயை அடைத்தார் பேரரசர். உவமையில் முரட்டுத்தனம் இருக்கிறது. ஆனால் தம் வெற்றி எதனால் வந்தது என்பதைப் பிற்கால அறிஞர்களைவிட அவர் நன்றாக அறிந்திருந்தார். புதிய அரசின் அன்றாடத்தைப் பாருங்கள். ஆண்டு பத்தாம் மாதத்தில் தொடங்கும் சின் நாட்காட்டியே நீடித்தது, கி.மு. 104 வரை அதை மாற்றவில்லை. சின்னின் இருபது படிப் பட்ட முறையே நிலத்தைப் பங்கிட்டது. ஜாங்ஜியாஷான் சட்டப்படி பட்டமற்ற குடியானவனுக்கு ஒரு ச்சிங் நிலம், பத்தொன்பதாம் படியினருக்கு 95 ச்சிங். அரசவைச் சடங்குகளை வகுத்த ஷூசுன் டோங் சின் அவையின் அறிஞராக இருந்தவர். நாட்டின் கணக்குகளைப் பார்த்த ஜாங் ட்சாங் சின் அரசின் ஆவணப் பிரிவில் பணியாற்றியவர். நூல்களை வைத்திருப்பதைத் தடுத்த சின் சட்டம், நூல்களை எரித்த அரசு என்று பழிக்கப்படும் அந்தச் சட்டம், லியூ பாங் ஆட்சி முழுவதும் நடப்பில் இருந்தது. கி.மு. 191-இல் அவர் மகன்தான் அதை நீக்கினார். குடும்பத்தோடு சேர்த்துக் கொல்லும் தண்டனை நீங்கியது கி.மு. 187-இல். உறுப்பை வெட்டும் தண்டனைகள் நீங்கியது கி.மு. 167-இல். வரியைப் பதினைந்தில் ஒரு பங்காகக் குறைத்தது லியூ பாங்கின் தனிச் செயல், அதற்கு முழுப் பெருமையும் அவருக்கே. மற்றபடி, சின்னைத் திட்டுவதற்குக் காரணமானவை என்று நாம் படித்தவற்றில் பெரும்பாலானவை அவர் காலத்தில் அப்படியே இருந்தன.

அப்படியானால் சின் ஏன் பதினைந்தே ஆண்டில் விழுந்தது? இந்த வாதத்துக்கு எதிரான கடினமான கேள்வி இது. ஒரே இயந்திரம் ஒரு வம்சத்தை அழித்து இன்னொன்றை நானூறு ஆண்டு காப்பாற்றுமா? இதற்கு விடை அறநெறியில் இல்லை, நிலப்படத்தில் இருக்கிறது. சின் முறை குவான்ஜோங்கில் கி.மு. நான்காம் நூற்றாண்டிலிருந்து தலைமுறை தலைமுறையாக வேரூன்றியது. கிழக்கிலிருந்த ஆறு நாடுகளையோ கி.மு. 230 முதல் 221 வரையிலான பத்தாண்டில் விழுங்கி, மறுநாளே நாடு முழுவதையும் 36 மண்டலங்களாக்கி, அதே விதி, அதே பதிவு, அதே ஊழியம் என்று ஏற்றினார்கள். தாங்கள் அனுப்பிய எழுத்தரின் பேச்சே அந்த ஊர்க்காரருக்குப் புரியாத இடங்கள் அவை. கலகம் வெடித்தது கிழக்கில், குவான்ஜோங்கில் அல்ல. லியூ பாங் இதைப் பார்த்திருந்தார், அவரே கிழக்கத்தியர். பேரரசரானதும் லோ ஜிங் என்பவரின் யோசனையை ஏற்று, சொந்த ஊருக்குக் கூடுதல் அருகிலிருந்த லுவோயாங்கை விட்டுக் குவான்ஜோங்கில் சாங்ஆனைத் தலைநகராக்கினார். தலைநகர்ப் பகுதியும் சேர்த்துப் பதினைந்து மண்டலங்களை மட்டும் நேரடியாக ஆண்டார். கிழக்குப் பாதியைச் சிற்றரசர்களுக்கு விட்டார். தம் மூத்த மகனைச் சீ நாட்டுக்கு அரசனாக்கியபோது, சீ மொழி பேசும் மக்கள் எல்லாரும் அவனுக்கு உரியவர் என்று எல்லை வகுத்தார். நாட்டின் எல்லையை மொழியால் வகுத்த அந்த ஒரு வரியைச் சின் முதல் பேரரசர் ஒருபோதும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார் என்பது உறுதி.

சிற்றரசுகள் சின்னுக்கு முந்திய சோ வம்சக் காலத்துக்குத் திரும்பியதைக் காட்டுகின்றன, எனவே ஹான் சின்னின் தொடர்ச்சி அல்ல என்று சிலர் வாதிடுவதுண்டு. இதில் பாதி உண்மை இருக்கிறது. பெரிய சிற்றரசுகள் தங்கள் வரியைத் தாங்களே வாங்கின, தங்கள் அதிகாரிகளில் பெரும்பாலோரைத் தாங்களே அமர்த்தின. ஆனால் அவற்றின் தலைமை அமைச்சரை அனுப்பியது சாங்ஆன். சீ நாட்டுக்கு அப்படிப் போனவர் பழைய சிறை எழுத்தர் ட்ஸாவ் ஷென். அங்குள்ள பெரியவர்களிடம் கேட்டு, கைவைக்காமல் ஆளும் முறையை அவர் பழகிக்கொண்டார். மேலும் சாங்ஆன் அந்த நாடுகளை நண்பர்களாக எண்ணவில்லை. ஜாங்ஜியாஷான் சட்டத் தொகுப்பின் முதல் விதியே, கோட்டையையோ சாவடியையோ சிற்றரசர் பக்கம் ஒப்படைப்பவனை இடுப்போடு வெட்டவும், அவன் பெற்றோர், மனைவி, மக்கள், உடன்பிறந்தாரைக் கொல்லவும் சொல்கிறது. கணவாய்களைப் பற்றிய கட்டளை குதிரையும் பொன்னும் கிழக்கே போகாமல் தடுக்கிறது. ஒரே பேரரசுக்குள் இரண்டு ஆட்சிமுறைகளும் நடுவே ஒரு வேலியும் இருந்தன. இந்த ஏற்பாடு நிலைக்காது என்று லியூ பாங்குக்குத் தெரியும். எஞ்சிய ஆட்சியெல்லாம் அந்த வேலிக்கு அப்பால் இருந்தவர்களை மாற்றுவதிலேயே கழிந்தது. போரில் வெற்றி தேடித்தந்த ஹான் ஷின் முதலில் சிற்றரசர் பட்டத்தை இழந்தார், கி.மு. 196-இல் பேரரசி லூவும் ஷியாவ் ஹேவும் விரித்த வலையில் உயிரை இழந்தார். இன்னொரு சிற்றரசரான பெங் யுயெ அதே ஆண்டில் குலத்தோடு அழிக்கப்பட்டார். அஞ்சிய சிற்றரசர் யிங் பூ கலகம் செய்தார். பேரரசர் சாகும்போது, வேற்றுக் குடும்பத்துச் சிற்றரசு என்று தெற்கே சாங்ஷா ஒன்றுதான் மிஞ்சியது. இந்தக் கொலைகளை நான் நியாயப்படுத்தவில்லை. குற்றச்சாட்டுகளில் பலவற்றுக்குச் சான்று மெலிது. கொன்ற விதம் சின் சட்டத்தின் மிகக் கொடிய பக்கத்தைச் சேர்ந்தது.

வடக்கிலும் அதே கணக்கு. கி.மு. 200-இல் ஷியோங்னு நாடோடிகளின் தலைவர் பைடெங் குன்றில் லியூ பாங்கை ஏழு நாள் வளைத்து நின்றார். தப்பி வந்தபின் பேரரசர் சின் அரசைப் போல வடக்கே பெரும்படையைத் திரும்ப அனுப்பவில்லை. பட்டும் தானியமும் அனுப்பி, மண உறவு பேசி, இழிவைப் பொறுத்துக்கொண்டார். முதல் பேரரசரின் காலத்தில் அந்த எல்லையில் லட்சக்கணக்கானவர்கள் நிறுத்தப்பட்டிருந்தார்கள். அவர்களுக்குச் சோறு கொண்டுபோன சுமையும் கிழக்குக் குடியானவர்கள் தோளில்தான் விழுந்தது.

யிங் பூவை எதிர்த்த போரில் பட்ட அம்புக் காயத்தோடு லியூ பாங் கடைசியாகப் பெய்க்குப் போனார், பழைய நண்பர்களோடு குடித்தார், ஊருக்கு வரியையும் ஊழியத்தையும் நீக்கினார். கி.மு. 195-இல் சாங்ஆனில் இறந்தார். இரண்டாண்டு கழித்து ஷியாவ் ஹேவும் இறக்க, தலைமை அமைச்சராகச் சீ நாட்டிலிருந்து வந்தவர் ட்ஸாவ் ஷென். அவர் எதையும் மாற்றவில்லை. குடித்துக்கொண்டே பொழுதைக் கழிக்கிறார் என்று இளம் பேரரசர் வருந்தியபோது, உங்கள் தந்தையைவிட நீங்கள் சிறந்தவரா, ஷியாவ் ஹேவைவிட நான் சிறந்தவனா என்று கேட்டார். இருவரும் இல்லை என்ற விடை வந்தது. அப்படியானால் அவர்கள் வகுத்த சட்டத்தைக் காத்தால் போதும் என்றார் பெய் வட்டத்தின் பழைய சிறை எழுத்தர்.